புதிய பேரினமும் பழைய கொல்லை நத்தையும்

"மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய நத்தைப் பேரினம் கண்டுபிடிப்பு" என்று நாளிதழில் செய்தி வந்தால், யாரோ ஒருவர் காட்டுக்குள் போய், உதிர்ந்த இலையைப் புரட்டி, இதுவரை யார் கண்ணிலும் படாத ஒன்றைப் பார்த்துவிட்டார் என்றுதான் நமக்குத் தோன்றும். சிற்றினத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. பேரினம் விஷயத்தில் அப்படியில்லை. நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களைச் சேர்த்துக் கட்டி நாம் வைக்கும் பெயர்தான் பேரினம். புதிதென்று அறிவிக்கப்படும் பேரினத்துக்குள் வரும் நத்தைகளில் சில, நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வாங்கி, அருங்காட்சியகப் பெட்டிக்குள் கிடப்பவையாகக்கூட இருக்கும். புதிதாக நடப்பது, "இவை அந்தப் பழைய கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல" என்ற தீர்ப்பு மட்டுமே. அப்படித் தீர்ப்புச் சொல்ல, பழைய கூட்டத்தின் உண்மையான பிரதிநிதி யார், அதன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். செய்தி எழுதுபவர்கள் விட்டுவிடும் பகுதி இதுதான். காவிரிப் படுகையின் கொல்லைப்புறம் இந்த விவகாரத்துக்குள் நுழைவதும் இந்த இடத்தில்தான்.

படுகை நத்தை ஆராய்ச்சிக்குப் பேர்போன இடமில்லை. கல்லணைக்குக் கிழக்கே கடல்வரை வண்டல். மலை கிடையாது, குகை கிடையாது. இந்தியாவில் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட நில நத்தைச் சிற்றினங்கள் பதிவாகியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் சுமார் 270, அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. படுகையில் இருப்பவையோ பெரும்பாலும் சமவெளி முழுக்கப் பரவியவை. இங்கே புதிய பேரினம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயங்குவேன். ஆனால் மலையில் கிடைத்ததைப் புதிது என்று சொல்வதற்கு வேண்டிய ஆதாரத்தில் பாதி இங்கே சுவரில் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் நத்தை என்றதும் பலருக்கு நினைவு வருவது வயலிலும் குளத்திலும் பொறுக்கி வந்து, வேகவைத்துக் கறியெடுத்துக் குழம்பு வைக்கும் நத்தை. அது பைலா பேரினம். ஓட்டின் வாயை அடைக்க அதற்கு மூடி உண்டு. ஆண் வேறு, பெண் வேறு. தண்ணீருக்குள் செவுளாலும் வெளியே நுரையீரலாலும் மூச்சுவிடும். நாம் பேசப்போகும் நில நத்தைகளுக்கும் அதற்கும் உறவு வெகுதூரம். ஐப்பசி மழை பிடித்ததும் கிணற்றடியிலும் வாழைக் கொல்லையிலும் பூசணிக் கொடியிலும் ஊர்பவை வேறு வகையைச் சேர்ந்தவை. தலையில் இரண்டு சோடி உணர்கொம்புகள், நீண்ட சோடியின் நுனியில் கண், மூடி கிடையாது, ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருபால் உயிரி. இவற்றில் படுகையில் எளிதாகக் கண்ணில் படுபவை இரண்டு. சற்றுப் பெரிய, பழுப்பு ஓட்டுக்காரரான கிரிப்டோசோனா பைஸ்ட்ரியாலிஸ் ஒன்று. தட்டையான, மெல்லிய, பளபளப்பான ஓட்டுடன் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும் மேக்ரோகிளாமிஸ் இண்டிகா இன்னொன்று. பெயரின் முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். இரண்டும் ஏரியோபாண்டிடே என்ற குடும்பம்.

இந்த இரண்டாவது நத்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை நம்பிய காலம்

மேக்ரோகிளாமிஸ் என்ற பேரினப் பெயரை 1847-இல் வைத்தவர் லண்டனில் இருந்த விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு, இந்தியாவிலிருந்தும் பர்மா, சயாம் பகுதிகளிலிருந்தும் போய்ச் சேர்ந்த தட்டையான, மெல்லிய, வழுவழுப்பான ஓடுகளில் பெரும்பகுதி இந்தப் பெயருக்குள்ளேயே போடப்பட்டது. அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. கப்பலில் போனவை காய்ந்த ஓடுகள். உடம்பு அழுகிப் போயிருக்கும், அல்லது அனுப்பியவரே சுத்தம் செய்திருப்பார். ஓட்டின் சுற்றுகள் எத்தனை, வாய் எப்படி, நடுவில் தொப்புள்குழி இருக்கிறதா, மேற்பரப்பில் வரி உண்டா என்பதற்குமேல் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

ஓடு பரம்பரையால் மட்டும் அமைவதில்லை, வாழும் இடமும் அதில் கை வைக்கிறது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். ஈரமான இலைச் சருகுக்குள் புகுந்து திரியும் நத்தைக்குத் தட்டையான மெல்லிய ஓடு வசதி. வெயில் படும் வறண்ட இடத்தில் தடித்த, வெளிறிய ஓடு உயிரைக் காப்பாற்றும். வருடம் முழுக்க நனைந்தே இருக்கும் மலைக்காட்டில் ஓடு ஒரு சுமை. அது சுருங்கிச் சுருங்கி, உடம்பு உள்ளே போக முடியாத ஒரு சின்னத் தகடாகிவிடும். இப்படி ஓடு குறைந்த நத்தைகள் உலகின் பல பகுதிகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், பலமுறை தோன்றியிருக்கின்றன. ஆகவே ஓடு ஒன்றுபோல் இருப்பது உறவுக்குச் சான்றாகாது. ஓடு மாறியிருப்பது உறவின்மைக்கும் சான்றாகாது. சுண்ணாம்புச் சத்து வேறு இருக்கிறது. ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்பு வேண்டும். கும்பகோணம், திருவையாறு போன்ற ஊர்களில் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்கள்மீது மழைநாளில் நத்தைகள் ஏறுவது சும்மா இல்லை. அரம்போன்ற நாக்கால் காரையைச் சுரண்டுகின்றன. சுண்ணாம்பு தாராளமாகக் கிடைத்தால் ஓடு தடிக்கும், கிடைக்காவிட்டால் மெலியும். ஒரே சிற்றினத்தை இரண்டு தெருக்களிலிருந்து பொறுக்கி வந்தே ஓட்டு நிபுணரைக் குழப்பிவிடலாம்.

இதை அந்தக் காலத்திலேயே தெளிவாகப் புரிந்துகொண்டவர் ஒருவர் உண்டு. ஹென்றி ஹேவர்ஷாம் காட்வின்-ஆஸ்டின். இந்திய நில அளவைத் துறை அதிகாரி. 1861 வாக்கில் காரகோரத்தில் பனியாறுகளை அளந்தவர். கே-2 சிகரத்தைச் சில காலம் அவர் பெயராலேயே அழைத்தார்கள். அதன் அடிவாரப் பனியாறு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. உலகம் அவரை மலைக்காக நினைவு வைத்திருக்கிறது. 1877-இல் பணி ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த வேலையோ, சாராயத்தில் ஊறிய நத்தைகளை அறுத்து, உள்ளுறுப்புகளை வரைவது. 1882 முதல் பல பாகங்களாக இந்திய நில, நன்னீர் மெல்லுடலிகள் பற்றி அவர் எழுதியவற்றின் சாரம் ஒன்றுதான்: ஓட்டை வைத்துக் கட்டிய பேரினங்கள் நிற்காது. நம் கொல்லை நத்தைக்கு இண்டிகா என்ற பெயர் அச்சேறியதும் 1883-இல் அவர் கையால்தான்.

1907-இல் அவர் சாரிகா என்று ஒரு பேரினத்தை ஏற்படுத்தினார். வெளியே பார்த்தால் அதுவும் தட்டை, அதுவும் பளபளப்பு. மேக்ரோகிளாமிஸிலிருந்து பிரிக்க வெறும் ஓடு போதாது. நீண்ட காலம் பலர் அதைத் தனிப் பேரினமாக மதிக்கவேயில்லை. 2020-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் உடற்கூற்றையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து, சாரிகா தனிக் கிளைதான் என்று நிலைநிறுத்தியதோடு, தங்கள் நாட்டிலிருந்து மட்டும் அதில் ஒன்பது புதிய சிற்றினங்களை விவரித்தார்கள். அறுத்துப் பார்த்தவர் சொன்னதை ஏற்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

கத்தி எதைத் தேடுகிறது

உடற்கூறு பார்ப்பது என்றால் நத்தையில் முக்கியமாக இனப்பெருக்க உறுப்புகளைப் பார்ப்பது. கேட்க வேடிக்கையாக இருக்கலாம்; காரணம் வலுவானது. வறட்சியும் சுண்ணாம்பும் ஓட்டை வளைப்பதுபோல் உள்ளுறுப்பை வளைப்பதில்லை. இன்னொரு நத்தையோடு பொருந்தி, விந்தைக் கொடுத்து வாங்குவதற்கு ஏற்றபடி அமைந்த உறுப்புகள் அவை. இருபால் உயிரி ஆதலால் ஆண் பாதை, பெண் பாதை இரண்டும் ஒரே உடம்பில், வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஒரே துவாரத்தில் வந்து முடியும்.

அந்தத் துவாரத்திலிருந்து உள்ளே போனால் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆண்குறியின் உட்சுவரில் மடிப்புகளா, குமிழ்களா? அதற்கு மேலே விந்துப் பொதி உருவாகும் குழாய் நேராக இருக்கிறதா, சுருண்டிருக்கிறதா? அதன் பக்கத்தில் குருட்டுப் பை உண்டா? நுனியில் சாட்டை போன்ற நீட்சி உண்டா? பெண் பாதையில், வாங்கிய விந்தின் மிச்சத்தைக் கரைக்கும் பையின் காம்பு நீளமா, குட்டையா? சில பேரினங்களில் அம்பு உறுப்பு என்று ஒன்று இருக்கும். கூடும் நேரத்தில் துணையைக் குத்துவதற்கான தசைக்குழாய் அது. சிலவற்றில் அந்த உறுப்பே கிடையாது. ஏரியோபாண்டிடே குடும்பத்தில் பேரினங்களைப் பிரிக்கும்போது இந்த அம்பு உறுப்பு இருக்கிறதா, எங்கே இணைகிறது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் எடைமிக்க கேள்விகள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சான்று விந்துப் பொதி. இந்தக் குடும்பத்து நத்தைகள் விந்தைக் கடினமான ஓர் உறைக்குள் வைத்துத் துணைக்குக் கொடுக்கின்றன. உறை உருவாகும் குழாயின் உட்புறம் எப்படியோ, அதன் அச்சு அந்த உறையின்மேல் அப்படியே பதியும்: முட்கள், கிளைத்த கொம்புகள், நீண்ட வால். கூடி முடித்த நத்தையை அறுத்தால் கரைக்கும் பைக்குள் இந்த உறை, பாதி கரைந்த நிலையிலாவது கிடைக்கும். ஒரே ஒரு உறையின் முள் அமைப்பு, நாலு பக்க ஓட்டு வர்ணனையைவிட அதிகம் பேசும்.

இதற்குப் பருவம் முக்கியம். வளராத நத்தையில் இந்த உறுப்புகள் நூல் போலக் கிடக்கும். அதை வரைந்து பயனில்லை. கோடை முழுவதும் கிரிப்டோசோனா போன்றவை ஓட்டின் வாயைச் சளிப்படலத்தால் அடைத்துக்கொண்டு, சுவர் இடுக்கிலும் வேலி மரத்தடியிலும் உறங்கும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் நில நத்தைக்கு அது போதாது. மேலிருந்து பெய்ய வேண்டும். ஆகவே படுகையில் முதிர்ந்த நத்தை சேகரிக்க வடகிழக்குப் பருவமழைதான் காலம். விலக்கு ஒன்று உண்டு. கும்பகோணம் வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தி நிழலும் ஓயாத ஈரமும் இருப்பதால், ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதத்திலும் அங்கே நத்தை ஊர்வதைப் பார்க்கலாம். சேகரிப்பவர்கள் கொடிக்கால்காரரிடம் கேட்டுவிட்டு நுழைவது நல்லது. சிலர் அதை மகிழ்ச்சியோடு பொறுக்கிக் கொடுத்தே அனுப்புவார்கள்.

பிடித்த நத்தையை நேரே சாராயத்தில் போட்டால் சுருண்டு ஓட்டுக்குள் போய்விடும். பிறகு உறுப்புகளைப் பிரிக்க முடியாது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில், காற்றுக் குமிழி இல்லாமல் ஜாடி நிரம்ப மூடி ஓர் இரவு வைப்பார்கள். தலையும் கொம்பும் நீண்ட நிலையில் அது அடங்கும். அதன்பிறகு பாதத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, மரபணுச் சோதனைக்காக 95 விழுக்காடு எத்தனாலில் தனியே வைத்துவிட்டு, மீதி உடம்பை 70 விழுக்காட்டில் வைப்பார்கள். கல்லூரி ஆய்வகங்களில் பழக்க தோஷமாக எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடுவது உண்டு. ஃபார்மலினில் போனால் உடம்பு கெடாது, ஆனால் மரபணு சிதைந்துவிடும். பழைய சேகரிப்புகள் பல இன்று பாதிப் பயன் மட்டுமே தருவதற்கு அந்தப் பாட்டில்கள்தான் காரணம்.

இனப்பெருக்க உறுப்பும் பொய்யே சொல்லாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்பு உறுப்பு பல கிளைகளில் தனித்தனியாக மறைந்துபோயிருக்கிறது. ஆகவே "இரண்டுக்கும் அம்பு இல்லை, ஆகவே இரண்டும் உறவு" என்ற வாதம் பலவீனமானது. சில சிறு நத்தைகளில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே ஆண்குறி உள்ளவையும் இல்லாதவையும் கலந்து வாழ்கின்றன. நாக்கின் பல்வரிசையும் அப்படித்தான். தின்னும் உணவுக்கேற்ப மாறும். புழுவையும் மற்ற நத்தையையும் தின்பவற்றுக்குப் பற்கள் ஊசியாகும், அது எந்த வம்சமாக இருந்தாலும் சரி. உடற்கூறு ஒரு வலுவான சாட்சி. ஆனால் குறுக்கு விசாரணை தேவைப்படும் சாட்சி.

மரபணு எங்கே உதவுகிறது, எங்கே உதவாது

அந்தக் குறுக்கு விசாரணைக்குத்தான் மரபணு. வழக்கமாக முதலில் படிக்கப்படுவது செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவின் சுமார் 650 எழுத்து, அதாவது 650 வேதி அலகு, நீளமுள்ள துண்டு. அதைப் பெருக்குவதற்கு 1994-இல் வடிவமைக்கப்பட்ட, பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு மரபணுத் துண்டுகளையே இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அதோடு மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தே 16எஸ், உட்கருவிலிருந்து 28எஸ், ஐடிஎஸ்2 போன்ற வேறு துண்டுகளும் சேரும். நத்தையில் இது சுலபமில்லை. அதன் சளியில் உள்ள சர்க்கரைப் பொருட்கள் பிரித்தெடுக்கும்போது மரபணுவோடு ஒட்டிக்கொண்டு, அதைப் பெருக்கும் பிசிஆர் வினையையே நிறுத்திவிடும். சளியை அகற்றத் தனிச் செய்முறை வேண்டும். பாதத்திலிருந்து துண்டு எடுப்பதற்கு ஒரு காரணம், குடலில் இருக்கும் செடியின், புழுவின் மரபணு கலந்துவிடாமல் இருக்க.

எழுத்துகளை வரிசையாக்கி ஒப்பிட்டால் ஒரு கிளைமரம் கிடைக்கும். பேரினத்துக்கு அதில் கேட்கப்படும் முதல் கேள்வி, இந்தச் சிற்றினங்கள் எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து வந்தவையா, அந்த மூதாதையின் வாரிசுகள் எல்லாம் இதற்குள் இருக்கின்றனவா என்பது. மேக்ரோகிளாமிஸ் என்று பெயரிட்ட நத்தைகள் மரத்தில் நான்கு தனித்தனி இடங்களில் முளைத்தால், அந்தப் பெயர் ஒரு குடும்ப அட்டை இல்லை, உதிரிப் பொருட்கள் போடும் மூட்டை என்று அர்த்தம்.

இதுவரை மரபணு நன்றாகவே உழைக்கிறது. "எவ்வளவு வேறுபட்டால் வேறு பேரினம்?" என்று கேட்டால்தான் அது கைவிரிக்கிறது. 2003-இல் மரபணுப் பட்டைக்குறி முறை முன்வைக்கப்பட்டபோது, சிஓஐ வேறுபாட்டின் அளவை வைத்தே சிற்றினங்களை இனம் காணலாம் என்ற நம்பிக்கை பரவியது. பறவைகளிலும் பல பூச்சிகளிலும் ஓரளவு நடந்தது. நத்தையில் தடுமாறியது. நத்தை நகராது, ஒரு வாய்க்கால் கரையில் பிறந்தது அங்கேயே செத்துப்போகும். சின்னச் சின்னக் கூட்டங்கள் ஆயிரக்கணக்கான வருடம் தனித்திருந்து, ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மைட்டோகாண்ட்ரியா வரிசைகள் பத்து விழுக்காட்டைத் தாண்டி விலகியிருப்பது ஐரோப்பிய நத்தைகளில் 1996-லேயே காட்டப்பட்டது. வேறு விலங்குகளில் தனிப் பேரினம் என்றே நினைக்கத் தூண்டும் தூரம் அது. இத்தனை விழுக்காடு என்று கோடு போட்டுப் பேரினம் பிரித்தால் தோப்புக்கு ஒரு பேரினம் வந்து சேரும்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வருவது என்பதால் அது சொல்வது தாய்வழிக் கதை மட்டுமே. இரண்டு சிற்றினங்கள் என்றோ கலந்திருந்தால் ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா மற்றதற்குள் நின்றுவிட்டிருக்கலாம். ஆகவே உட்கரு மரபணுவும் அதே கிளையைக் காட்டுகிறதா என்று பார்க்காமல் பெயர் வைப்பது அவசரம். படுகைக்கு இன்னொரு தொல்லை உண்டு: மனிதர்கள். வாழைக் கன்று, நாற்றங்கால் தொட்டி, வெற்றிலைக் கொடி, ஆற்று மணல் எல்லாவற்றோடும் நத்தையும் அதன் முட்டையும் பயணம் செய்கின்றன. மன்னார்குடியில் பிடித்த நத்தையின் வரிசை மன்னார்குடியின் வரலாற்றைச் சொல்கிறதா, எங்கிருந்தோ கன்று வாங்கி வந்த லாரியின் வரலாற்றைச் சொல்கிறதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கே வெட்டுவது

மரம் கிளைகளைக் காட்டும். எந்தக் கணுவில் வெட்டிப் பேரினம் என்று பெயர் எழுதுவது என்று காட்டாது. அங்கேதான் உடற்கூறு திரும்ப வருகிறது. மரபணு ஒரு தனிக் கிளையைக் காட்ட வேண்டும். அந்தக் கிளையில் உள்ளவை எல்லாவற்றுக்கும் பொதுவாக, பக்கத்துக் கிளையில் இல்லாத ஓர் உறுப்பு அமைப்பும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே வெட்டலாம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் நடைமுறை. 2021-இல் மகாராஷ்டிரத்தின் அம்போலிப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட வரதியா என்ற பேரினம் இப்படித்தான் வந்தது. ஓடு குறைந்த, மரத்தில் வாழும் நத்தை அது. உள்ளுறுப்பு ஒப்பீடும் பல மரபணுக் குறிகளும் சேர்ந்து, அது ஏற்கெனவே பெயருள்ள எதற்குள்ளும் அடங்காது என்று காட்டின.

வெட்டும்போது மீதியையும் பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்தை வெளியே எடுத்துப் புதுப் பெயர் கொடுத்த பிறகு பழைய பெயரில் மிஞ்சுபவை ஒரே குடும்பமாக இல்லையென்றால், ஒரு பிழையைத் திருத்தி இன்னொன்றைச் செய்துவிட்டோம். இன்னும் அடிப்படையான கேள்வி, பழைய பெயர் யாருக்குச் சொந்தம் என்பது. பேரினப் பெயர் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சிற்றினத்தோடு சட்டப்படி கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மாதிரிச் சிற்றினம் என்று பெயர். மேக்ரோகிளாமிஸ் நான்கு துண்டாக உடைந்தால், எந்தத் துண்டில் மாதிரிச் சிற்றினம் இருக்கிறதோ அதுவே மேக்ரோகிளாமிஸ். மற்ற மூன்றுக்கும் வேறு பெயர் வேண்டும். அந்த மாதிரிச் சிற்றினமாக இன்று கொள்ளப்படுவது இண்டிகா. நம் கிணற்றடியில் இந்தப் பெயரோடு ஊர்ந்துகொண்டிருக்கும் அதே நத்தை.

கூர்க்கில் ஒருவர் புதுமையான தட்டை நத்தையைப் பிடித்து, அறுத்து, வரிசைப்படுத்தி, "இது மேக்ரோகிளாமிஸ் இல்லை" என்று எழுத வேண்டுமானால், அவர் ஒப்பிட வேண்டியது பக்கத்து மலை நத்தையோடு அல்ல. இண்டிகாவின் அம்பு உறுப்பும் விந்துப் பொதியும் அதன் சிஓஐ, 28எஸ் வரிசைகளும் அவர் கையில் இருக்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து ஒரே நத்தை போதாது. நத்தையில் உள்வேறுபாடு எவ்வளவு பெரிதென்று மேலே பார்த்தோம். பரவலின் பல மூலைகளிலிருந்து வேண்டும். படுகையில் நாம் இண்டிகா என்று கூப்பிடுவதும் வட இந்தியச் சமவெளியில் இருப்பதும் உண்மையில் ஒன்றுதானா என்பதையும் ஓடு மட்டும் தீர்த்துவைக்காது. பொதுவான நத்தை என்பதாலேயே இதை யாரும் மெனக்கெட்டுச் சேகரிப்பதில்லை. அபூர்வமானதற்கு ஆராய்ச்சி நிதி கிடைக்கும். குப்பைமேட்டு நத்தைக்குக் கிடைக்காது. வகைப்பாட்டில் இது தலைகீழான முன்னுரிமை என்பது என் கருத்து.

பெயர் எந்த ஊர் நத்தையைப் பார்த்து வைக்கப்பட்டது என்பதும் கவனிக்க வேண்டியது. பழைய நூல்கள் இதில் தாராளமாக அலட்சியம் காட்டும். நில நத்தை இல்லை என்றாலும் நல்ல உதாரணம் ஒன்று நம் வாய்க்காலிலேயே இருக்கிறது. கூம்பாக, கூர்மையாக, சேற்றில் கூட்டமாகக் கிடக்கும் மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா. 1774-இல் டென்மார்க் ஆய்வாளர் ஓ. எஃப். முல்லர் அதற்கு நெரிட்டா டியூபர்குலேட்டா என்று பெயர் வைத்தபோது இடமாகக் குறித்தது "கோரமண்டல் கரை" மட்டுமே. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஆனால் எந்த ஊர், எந்தக் குட்டை என்று அந்தப் பெயரோடு எழுத்தில் இல்லை. இன்று அந்தச் சிற்றினத்தைப் பிரிக்க நினைப்பவர், உண்மையான டியூபர்குலேட்டா எது என்று நிறுவ இந்தக் கரையிலிருந்து உயிருள்ள மாதிரிகளைத் தேட வேண்டும்.

அறிவிக்கும் நடைமுறை இவ்வளவு சுவையானது இல்லை, ஆனால் தவறினால் பெயர் செல்லாது. விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பு, 1758-ஐத் தொடக்கமாகக் கொண்டு, முந்திய பெயருக்கே முன்னுரிமை தருகிறது. பேரினப் பெயர் விலங்குலகம் முழுவதிலும் வேறெதற்கும் வைக்கப்பட்டிருக்கக் கூடாது. 1930-க்குப் பிறகு வைக்கப்படும் பேரினப் பெயருக்கு எது மாதிரிச் சிற்றினம் என்று கட்டாயம் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் பண்புகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். மரபணு வரிசையை மட்டும் இணையத்தில் ஏற்றிவிட்டுப் பெயர் கேட்க முடியாது. 2012 முதல் மின்னிதழில் வெளியிடவும் வழி உண்டு, விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் பதிவேட்டில் பதிந்திருந்தால். இந்தியாவில் கூடுதலாக, 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, புதிய உயிரினத்தைக் கண்டவர் அதற்கென நியமிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அந்த வேலையைச் செய்வது 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம்.

பேரினம் மாறியபின் வெளியே என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. தமிழ்நாட்டின் பல ஊர்த் தோட்டங்களை மொட்டையடிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் பென்சன் என்ற ஆங்கில அதிகாரி 1847-இல் மொரீசியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டது. அக்கடினா ஃபுலிகா என்று பள்ளிப் பாடத்திலேயே படித்தோம். லிசாக்கடினா என்ற பிரிவை 1950-இல் பெக்வேர்ட் என்ற ஆய்வாளர் துணைப் பேரினமாகத்தான் வைத்தார். உறுப்பு அமைப்பும் பின்னர் மரபணுவும் அதைத் தனிப் பேரினமாக உயர்த்தின. இப்போது அது லிசாக்கடினா ஃபுலிகா. வேளாண் துறைத் துண்டறிக்கைகளில் இன்னும் பழைய பெயரைப் பார்க்கலாம். உப்பும் பொறியும் எந்தப் பெயரானாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். ஆனால் அதன் ஒட்டுண்ணி, அதன் இயற்கை எதிரி, அதன் பூர்வீகம் பற்றித் தேடுபவர் சரியான கிளையில் உள்ள உறவினர்களைத் தேட வேண்டும். அங்கே பெயர் மாற்றம் பலன் தரும்.

இந்த மாற்றங்களின் தடம் பெயரிலேயே இருக்கிறது. சிற்றினப் பெயருக்குப் பின்னால் வரும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் பிறையடைப்புக்குள் இருந்தால், முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பிறகு இடம் மாறியது என்று பொருள். லிசாக்கடினா ஃபுலிகா (பவுடிச், 1822). கிரிப்டோசோனா பைஸ்ட்ரியாலிஸ் (பெக், 1837). மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா (முல்லர், 1774). மேக்ரோகிளாமிஸ் இண்டிகா காட்வின்-ஆஸ்டின், 1883 என்பதில் மட்டும் அடைப்பு இல்லை. மேக்ரோகிளாமிஸிலிருந்து இனி எத்தனை பேரினங்கள் பிரிந்தாலும் இண்டிகாவுக்கு அந்த அடைப்பு வராது. பேரினம் முழுவதையும் அதைவிடப் பழைய இன்னொரு பெயருக்குள் கரைத்தால்தான் வரும். அதே பெயரின்கீழ் இன்னும் ஓட்டை மட்டும் நம்பிப் பட்டியலில் நிற்கும் மற்ற இந்திய நத்தைகளுக்கோ, யாராவது உடம்பை அறுத்துப் பார்க்கும் நாளில், அடைப்பு விழ வாய்ப்பு அதிகம்.